கடல் சாமந்தி ஏன் வாடுகிறது?



சாமந்திப்பூவை அறியாதவர் நம்மில் யாரும் இல்லை. பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளில் சரம் சரமாகத் தொங்குகிறது. கோயிலுக்கும் வேண்டும், கல்யாணத்துக்கும் வேண்டும். அதே பெயரில் கடலுக்கடியிலும் ஒன்று இருக்கிறது. அதுதான் கடல் சாமந்தி. பார்வைக்குப் பூவைப் போல விரிந்திருக்கும். ஆனால் அது பூவும் அல்ல, செடியும் அல்ல. அது ஒரு பிராணி. இரை பிடித்துத் தின்னும். இடம் விட்டு இடம் நகரும். எதிரி வந்தால் கொட்டும். பவளப் பூச்சிக்கும், ஜெல்லி மீன் என்று நாம் சொல்லும் சொறிமீனுக்கும் அது நெருங்கிய உறவு.

தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்து, கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கும் நம்மவர்கள் சிலர் வீட்டில் இன்று உப்புநீர் மீன் தொட்டி வைத்திருக்கிறார்கள். 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' என்ற படத்தைப் பார்த்த பிள்ளைகளுக்கு, அந்த ஆரஞ்சும் வெள்ளையுமான கோமாளி மீன் வேண்டும். அந்த மீன் ஒண்டி வாழ ஒரு கடல் சாமந்தியும் வேண்டும். அப்பாவும் கூடுதல் நேரம் வேலை செய்த பணத்தில் வாங்கி வந்துவிடுகிறார். இரண்டு வாரம் அழகாக விரிந்திருக்கிறது. பிறகு நிறம் வெளுக்கிறது, சுருங்குகிறது. ஒருநாள் காலையில் கூழாகிக் கிடக்கிறது. "அதன் ஆயுசு அவ்வளவுதான்" என்று சொல்லிப் பிள்ளையைத் தேற்றுகிறோம்.

உண்மையில் அதன் ஆயுசு அவ்வளவுதானா? ஒரு பழைய செய்தியைக் கேளுங்கள். ஸ்காட்லாந்து நாட்டில் எடின்பரோ என்று ஒரு நகரம். அங்கே வாழ்ந்த சர் ஜான் கிரஹாம் டேலியெல் என்ற இயற்கை ஆராய்ச்சியாளர், 1828-ஆம் ஆண்டில் நார்த் பெரிக் கடற்கரையிலிருந்து ஒரு கடல் சாமந்தியை எடுத்து வந்து கண்ணாடிச் சாடியில் வளர்த்தார். 1851-இல் அவர் காலமானார். சாமந்தி சாகவில்லை. மற்றவர்கள் கைக்கு மாறி அது வாழ்ந்துகொண்டே இருந்தது. அதற்குப் 'பாட்டி' என்ற பெயரும் வந்துவிட்டது. நூற்றுக்கணக்கில் குஞ்சுகளை ஈன்று, 1887-ஆம் ஆண்டில்தான் அந்தப் பாட்டி செத்தது. சாடிக்குள் மட்டுமே 59 ஆண்டுகள்!

அந்தக் காலத்துச் சாடியில் மின்சாரப் பம்பு இல்லை, வடிகட்டி இல்லை, மருந்து இல்லை. கடலிலிருந்து அடிக்கடி கொண்டுவந்து மாற்றிய நல்ல நீர் இருந்தது. அளவான இரை இருந்தது. அது குளிர்ந்த கடலின் பிராணி; நாம் வாங்குவது வெப்பக் கடலின் பிராணி. ஆகவே இரண்டையும் ஒன்றாகவே வளர்க்க முடியாது. ஆனாலும் அந்தப் பாட்டி நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. கடல் சாமந்தி வாடினால், பெரும்பாலும் நோய் அதன் உடம்பில் தொடங்குவதில்லை, நீரில் தொடங்குகிறது. எனவே மருந்துப் புட்டியைத் தேடுவதற்கு முன்னால் நீரைச் சோதிக்க வேண்டும்.

இது நமக்குப் புதிய செய்தியா? செம்பனையின் முதிர்ந்த மட்டைகள் ஆரஞ்சு நிறமாகப் பழுத்தால் நாம் மட்டைக்கா மருந்து தடவுகிறோம்? மண்ணில் மக்னீசியச் சத்துக் குறைவோ என்று பார்க்கிறோம். மரத்துக்கு மண் எப்படியோ, கடல் சாமந்திக்கு நீர் அப்படி.

இனி, அதன் உடம்பைச் சற்றுத் தெரிந்துகொள்வோம். அதற்கு எலும்பு கிடையாது. உடம்பு ஒரு பை. பைக்குள் நீரை நிரப்பிக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறது. அடியில் பாறையைப் பற்றும் பாதம். மேலே வட்டமான தட்டு. தட்டின் நடுவில் வாய். வாயைச் சுற்றிலும் விரல்கள் போன்ற உணர்கொம்புகள். கொம்புகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கொட்டும் அணுக்கள் நிறைந்திருக்கின்றன. இரை உள்ளே போவதும் கழிவு வெளியே வருவதும் அந்த ஒரே வாய் வழியாகத்தான்.

உலகத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கடல் சாமந்தி இனங்கள் உண்டு. அவற்றில் கோமாளி மீன்களுக்கு இடம் கொடுப்பவை சுமார் பத்து இனங்களே. இந்த இனங்களின் தசைக்குள் ஒருவகை நுண்ணிய பாசி குடியிருக்கிறது. பகல் வெளிச்சத்தில் இலை உணவு தயாரிப்பதுபோல் இந்தப் பாசியும் உணவு தயாரித்து, தனக்கு இடம் கொடுத்த பிராணிக்கும் பங்கு தருகிறது. மீனின் கழிவு பாசிக்கு உரமாகிறது. மீன் எதிரிகளை விரட்டுகிறது. சாமந்தி மீனைக் காக்கிறது. மூவரும் ஒரே லயத்து வீட்டில் ஒத்துவாழும் குடித்தனக்காரர்கள் போல! சாமந்தியின் பழுப்பு நிறம் பெரும்பாலும் இந்தப் பாசியின் நிறமே. அது வெளுக்கிறது என்றால், உள்ளே இருந்த பாசி வெளியேறிவிட்டது அல்லது குறைந்துவிட்டது என்று பொருள். வெளுத்தது உடனே செத்துவிடாது. ஆனால் உணவு தரும் பங்காளியை இழந்து பட்டினியை நோக்கிப் போகிறது.

சரி, வீட்டில் சாமந்தி வாடியிருக்கிறது. என்ன செய்வது? முதலில் பதறக் கூடாது. ஒரு நாள் முழுவதும் கவனிக்க வேண்டும். கடல் சாமந்தி அவ்வப்போது உடம்பிலுள்ள நீரை வெளியேற்றிக் கைப்பிடி அளவாகச் சுருங்கும். பழுப்பு நூல் போன்ற கழிவைக் கக்கும். சில மணி நேரத்தில் மறுபடி விரியும். இது பழைய நீரை மாற்றிக்கொள்ளும் இயல்பான வேலை. நாள்தோறும் சுருங்கியே கிடந்தாலோ, வாய் திறந்தே இருந்தாலோ, பாதம் பிடிப்பை விட்டு உருண்டாலோ, கொடுத்த இரையைத் துப்பினாலோ, அப்பொழுதுதான் கவலைப்பட வேண்டும். கவலைக்குரிய குறிகள் தெரிந்துவிட்டால், பின்வரும் வரிசைப்படி ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

முதலாவது, உப்பு. கடல்நீரில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. இதை அளக்க ஒரு மிதவைக் கருவி கடையில் கிடைக்கும். பால்மரத் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இந்தக் கருவியின் தத்துவம் தெரிந்ததுதான். ஸ்டோரில் கிராணி, பாலுக்குள் மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டுப் பார்ப்பார் அல்லவா? பாலில் தண்ணீர் கலந்திருந்தால் அது காட்டிக் கொடுத்துவிடும். அதுபோல, இந்த மிதவை நீரில் உள்ள உப்பைக் காட்டிக் கொடுக்கிறது. அளவு 1.025 அல்லது 1.026 என்று இருக்க வேண்டும்.

இங்கேதான் பல பேர் இடறுகிறார்கள். தொட்டி நீர் ஆவியாகிக் குறையும்போது உப்பு ஆவியாவதில்லை. கணக்கிட்டுப் பாருங்கள். நூறு லிட்டர் தொட்டியில் சுமார் 3,500 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. பத்து லிட்டர் ஆவியாகிவிட்டால், அதே 3,500 கிராம் தொண்ணூறு லிட்டரில் நிற்கிறது. லிட்டருக்கு ஏறக்குறைய 39 கிராம் ஆகிவிட்டது. குறைந்த பத்து லிட்டருக்கு உப்புநீரையே ஊற்றினால், மேலும் 350 கிராம் உப்பைச் சேர்த்தவர்களாகிறோம். மாதக்கணக்கில் இப்படியே செய்தால் தொட்டி ஊறுகாய்ச் சாடியாகிவிடும். ஆகவே, ஆவியானதற்கு நல்ல நீர். கழிவு நீரை எடுத்துவிட்டு மாற்றும்போது மட்டும் உப்புநீர். இந்த ஒரு விதியை மறக்கக் கூடாது. மீனுக்காவது உடம்பில் உப்பைச் சரிப்படுத்தும் உறுப்புகள் உண்டு. சாமந்திக்கு அது கிடையாது. வெளியே உப்பு மாறினால் உள்ளேயும் மாறும்.

இந்த நல்ல நீர் என்பது குழாயில் பிடித்த நீர் அல்ல. குழாய் நீரில் கிருமி கொல்லும் குளோரின் இருக்கும். அதை நீக்கும் மருந்து கலந்த பிறகோ, நன்கு வடிகட்டிச் சுத்திகரித்த பிறகோதான் பயன்படுத்த வேண்டும். அப்படியானால் கிள்ளான் துறைமுகத்திலோ மோரிப் கடற்கரையிலோ ஒரு பீப்பாய் கடல்நீர் மொண்டு வரலாமே என்று சிலர் கேட்கலாம். வேண்டாம். அங்கே கிள்ளான் ஆறும் லங்காட் ஆறும் நன்னீரையும் சேற்றையும் கொண்டுவந்து கலக்கின்றன. கப்பல் எண்ணெயும் சேர்ந்திருக்கலாம். சமையல் உப்பைக் கரைப்பதும் தவறு. கடல்நீரில் சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், பொட்டாசியம் முதலிய பலவும் உண்டு. மீன் தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்புக் கலவையைத்தான் கரைக்க வேண்டும்.

இரண்டாவது, சூடு. தொட்டி நீர் 25 முதல் 27 பாகை செல்சியஸ் வரை இருந்தால் நல்லது. நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலோ பகல் சூடு 32, 33 பாகை வரை போகிறது. மேல்மாடி வீட்டில், மேற்கு வெயில் விழும் சுவரோரத்தில் தொட்டியை வைத்தால் என்ன ஆகும்? நீர் 30 பாகையைத் தாண்டும். சூடேறிய நீரில் உயிர்வாயு குறையும். பாசியும் வெளியேறத் தொடங்கும். காலையில் மட்டும் அளந்து பார்த்தால் இது தெரியாது. பிற்பகல் மூன்று மணிக்கு வெப்பமானியைப் பாருங்கள். தொட்டியின் இடத்தை மாற்றலாம். நீரின் மேல் காற்றுப் படும்படி சிறு மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று பாகை இறங்கக்கூடும். ஆனால் விசிறி வைத்தால் நீர் வேகமாக ஆவியாகும். முன்பு சொன்ன நல்ல நீரை நாள்தோறும் நிரப்ப வேண்டும்.

மூன்றாவது, அமோனியா. பால்மரத் தோட்டத்தில் பால் கட்டிவிடாமல் இருக்க அமோனியா கலப்பதை நாம் அறிவோம். மூக்கைப் பிடுங்கும் அந்த நெடி இன்னும் நினைவில் இருக்கும். மீனின் கழிவும் தின்னாமல் விட்ட இரையும் அழுகும்போது தொட்டியிலும் அதே அமோனியாதான் உண்டாகிறது. நெடி வரும் அளவுக்குக்கூட அது போக வேண்டியதில்லை. மிகச் சிறிதளவே உயிரைக் கொல்லும். நல்ல தொட்டியில் மணலிலும் கல்லிலும் ஒருவகை நுண்ணுயிர்கள் குடியேறி, அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. இந்த நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தொட்டி முழுவதும் நிலைப்படுவதற்கு மாதங்கள் ஆகும். அதனால்தான், புதுத் தொட்டியில் ஆறு மாதமாவது போகாமல் கடல் சாமந்தியை விடாதீர்கள் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி கடையில் கிடைக்கும். அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியாக இருக்க வேண்டும். இருப்பதாகக் காட்டினால் அன்றைக்கே நீரில் கணிசமான பகுதியை மாற்றுங்கள்.

நான்காவது, வெளிச்சம். உள்ளே இருக்கும் பாசிக்கு வெளிச்சம்தான் சோறு. அறை விளக்கின் மங்கிய ஒளி அதற்குப் போதாது. சாமந்தி கழுத்தை நீட்டுவதுபோல் மேலே மேலே எம்பினால், பெரும்பாலும் வெளிச்சம் போதவில்லை. புதிய பலமான விளக்கை மாட்டிய மறுநாளே கல்லிடுக்கில் ஒளிந்தால், வெளிச்சம் மிகுதி. எட்டு முதல் பத்து மணி நேரம் சீரான ஒளி தேவை. கூட்டுவதையும் குறைப்பதையும் சிறிது சிறிதாகச் செய்ய வேண்டும்.

ஐந்தாவது, நஞ்சு. இதில் தாய்மார்கள் சற்று அதிகக் கவனம் செலுத்த வேண்டும். கொசு மருந்தைத் தொட்டிக்கு அருகில் அடிக்கக் கூடாது. டிங்கி காய்ச்சலைத் தடுக்கக் குடியிருப்பில் புகை அடிக்க வருகிறார்கள் என்றால், தொட்டியை ஈரத்துணியால் மூடி, காற்றை உள்ளே இழுக்கும் காற்றுப் பம்பை மட்டும் நிறுத்திவிட்டு, புகை கலைந்ததும் மறக்காமல் போட்டுவிடுங்கள். தோட்டத்தில் களைக்கொல்லி தெளித்துவிட்டு வந்த கையையும், சோப்பு வழவழப்புள்ள கையையும் தொட்டிக்குள் விடாதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், செம்பு கலந்த மீன் மருந்து. மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் கண்டால் இந்த மருந்தைக் கொடுப்பதுண்டு. மீன் பிழைக்கும், சாமந்தி செத்துவிடும். நோய் கண்ட மீனை வேறு தொட்டிக்கு மாற்றித்தான் மருந்து கொடுக்க வேண்டும்.

இந்த ஐந்தில் எது கோளாறு என்று தெரிந்தால் அதை மட்டும் திருத்துங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், எதனால் குணமாயிற்று, எதனால் கெட்டது என்பதே தெரியாமல் போகும். நீர் மாற்றும்போது, அமோனியா இருந்தாலன்றி, பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ போதும். புது நீரின் சூடும் உப்பும் பழைய நீரோடு ஒத்திருக்க வேண்டும். சாமந்தியைப் பாறையிலிருந்து பிய்த்து இடம் மாற்றாதீர்கள். பாதம் கிழிந்தால் அழுகிவிடும். தானாக நகர்ந்து போகிறது என்றால், தனக்குப் பிடித்த இடத்தைத் தேடுகிறது என்று பொருள். பம்பு நீரை உறிஞ்சும் வாயில் பஞ்சு கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே இழுபட்டு அரைபட்டுப் போகும்.

வெளுத்துப்போன சாமந்திக்குக் கைப்பண்டுவம் இரைதான். வாரம் இரண்டு முறை, அதன் வாயைவிடச் சிறிய பச்சை இறால் துண்டைக் கொம்புகளில் மெல்ல வைத்தால் போதும். இரக்கத்தால் பெரிய துண்டு கொடுக்காதீர்கள். துப்பியதை உடனே எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதுவே அமோனியா ஆகும். பாசி திரும்பப் பெருகி நிறம் வருவதற்கு வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். பொறுமை வேண்டும்.

சில சமயம் நம் முயற்சி பலிக்காது. கையுறை போட்டுக்கொண்டு கொம்பை மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஒட்டினால் உயிர் இருக்கிறது. ஒட்டாமல், உட்புறம் வாய் வழியே வெளியே பிதுங்கி, தசை நூல் நூலாகக் கரைந்து நாற்றம் வீசினால் அது செத்துவிட்டது. அந்த நிமிடமே எடுத்துவிடுங்கள். செத்த சாமந்தி ஒரே இரவில் நீரைக் கெடுத்து, மீன்களையும் கூட அழைத்துக்கொண்டு போய்விடும்.

இவ்வளவையும் கேட்ட பிறகு, "இதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகுமா?" என்று நீங்கள் எண்ணலாம். எண்ணுவது நியாயமே. விளக்கு, உப்பு, சோதனைப் பெட்டி, மின்சாரம் என்று செலவு வளர்ந்துகொண்டே போகும். முடியாதென்றால் வாங்காமல் இருப்பதுதான் அறிவு. கோமாளி மீன் மட்டும் போதும். தொட்டியில் சாமந்தி இல்லாமலும் அது வாழும். கடலில்தான் அதற்குச் சாமந்தியின் துணை இன்றியமையாதது. அப்படியே வாங்குவதென்றாலும், பளபளக்கும் மஞ்சள், ஊதா நிறங்களைக் கண்டு மயங்காதீர்கள். சில சாமந்திகளுக்குச் சாயம் ஏற்றி விற்பதுண்டு. வெள்ளை வெளேரென்று இருப்பதையும் அழகு என்று எண்ணாதீர்கள். அது பட்டினியின் நிறம். வாய் மூடி, பாதம் பற்றி, பழுப்போ பச்சையோ கலந்த நிறத்தில் இருப்பதைக் கேளுங்கள். இரை தின்பதைக் காட்டச் சொல்லுங்கள்.

கடலுக்குப் போகிறவர்கள் தாமே பிடித்து வரலாமே என்றும் எண்ணக் கூடாது. நம் நாட்டில் தியோமான், ரெடாங் போன்ற தீவுகளைச் சுற்றியுள்ள நீர்ப்பரப்பு கடல் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகிறது. 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி அங்கே அனுமதியின்றி உயிரினங்களை எடுப்பது குற்றம்.

அந்தத் தீவுகளில் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 2010-ஆம் ஆண்டில் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறியது. பவளப் பாறைகள் வெளுத்தன. அவற்றின் தசைக்குள்ளும் சாமந்திக்குள் இருப்பதைப் போன்ற பாசிதான் வாழ்கிறது. அவ்வாண்டு ஜூலையில் தியோமான், ரெடாங் முதலிய இடங்களில் முக்குளிப்போர் செல்லும் சில பகுதிகளை அதிகாரிகள் மூடி, பாறைகளுக்கு ஓய்வு கொடுத்தார்கள். நம் முன்னோர் கப்பலேறி வந்த தமிழகக் கரையில், மன்னார் வளைகுடாவிலும் 2010-இலும் 2016-இலும் பவளங்கள் வெளுத்தன. கடல் வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு பாகை கூடி, அது சில வாரம் நீடித்தாலே போதும். இந்த நிலை வந்துவிடும். மேற்கு வெயில் படும் சுவரோரத்துத் தொட்டிக்கு வரும் கேடும், பெரிய கடலுக்கு வரும் கேடும் வேறு வேறல்ல.

வீட்டில் ஏற்கெனவே கடல் சாமந்தி இருந்தால், மிதவைக் கருவியைப் பார்ப்பது, பிற்பகல் சூட்டைக் குறிப்பது, குறைந்த நீரை நிரப்புவது ஆகிய மூன்றையும் பிள்ளைகளிடமே ஒப்படையுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் எழுதி வரச் சொல்லுங்கள். சாமந்தி வாடும் நாளில், எங்கே கோளாறு என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும். வாயில்லாத பிராணியின் குறையை அறிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை.